உரியவர் இல்லாத அலமாரி: டோக்கியோவில் ஒரு ஹார்ட்கோர் பங்க் இசைத்தட்டுச் சேகரிப்பைப் பிரித்த நிகழ்வு ஆய்வு

2023 கோடையில் டோக்கியோவில் நடந்தது இது. இறந்துபோன ஒருவரின் இசைத்தட்டுகளை எட்டு வாரத்துக்குள் பட்டியலிட்டு, விற்று, பிரித்துக் கொடுத்தோம். பணக் கணக்கில் பார்த்தால் நன்றாகவே முடிந்தது. ஆனால் ஈடுகட்ட முடியாத ஒரு தவறும் நடந்தது. அதைச் செய்தவன் நான். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

பின்னணி

அவர் அச்சகத் தொழிலாளி. ஆஃப்செட் எந்திரத்தோடு முப்பது வருடத்துக்கும் மேல் பழகியவர். பள்ளி நாட்களிலேயே ஹார்ட்கோர், அதாவது வேகமும் இரைச்சலும் கூடிய பங்க் ராக் இசை, நிகழ்ச்சிகளுக்குப் போகத் தொடங்கியவர். வேலைக்காக டோக்கியோ வந்த எனக்கு, கோயென்ஜியில் ஒரு கடையின் இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு நடுவே அறிமுகமானார். அப்போது என் ஜப்பானிய மொழி அரைகுறை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் தட்டை உறையிலிருந்து எடுத்து, சாய்த்து, விளக்கொளியில் பள்ளங்களைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். இந்த இசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: 1980களின் தொடக்கத்தில் டோக்கியோ, ஒசாகா, ஃபுகுவோகா ஆகிய ஊர்களில் இளைஞர்கள் பிரிட்டிஷ், அமெரிக்க பங்கைக் கேட்டுவிட்டு, அதைவிட வேகமாகவும் கரகரப்பாகவும் ஒன்றை உண்டாக்கினார்கள். டோக்கியோவில் ஜி.ஐ.எஸ்.எம். குழுவின் 'டிடெஸ்டேஷன்', தி கம்ஸ் குழுவின் 'நோ சைட்' இரண்டும் 1983இல் டாக்மா என்ற சிறு நிறுவனத்தில் வந்தன. காஸே குழு 1981இலேயே தொடங்கியது. 'கிருமிநீக்கம்' என்று பொருள்படும் 'ஷோதோகு கிக்' என்ற நிகழ்ச்சி வரிசையைப் பல்லாண்டு நடத்தி, 2022இல்தான் கலைந்தது. ஃபுகுவோகாவில் கன்ஃப்யூஸ் போன்ற குழுக்கள், பிரிஸ்டல் நகரத்து டிஸார்டர் குழுவின் இரைச்சலை இன்னும் ஒரு படி ஏற்றின. பத்தாண்டின் பிற்பாதியில் டெத் சைட், எஸ்.ஓ.பி. என்று அடுத்த அலை வந்தது. இவற்றில் பலவும் கைக்காசு போட்டுச் சில நூறு, ஓரிரு ஆயிரம் பிரதிகள் போட்டவை. நிகழ்ச்சி வாசலிலும், 'டால்' போன்ற பத்திரிகைகளில் விளம்பரம் பார்த்துத் தபாலிலும் விற்றவை. அந்தப் பிரதிகளைத்தான் இன்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

அவர் ஏப்ரல் நடுவில் காலமானார். ஜப்பானில் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகே பொதுவாக இறந்தவரின் உடைமைகளில் கை வைப்பார்கள். அது ஜூன் முதல் வாரம் முடிந்தது. அவர்கள் குடியிருந்தது பழைய மர வீட்டின் கீழ்த்தளம். மனைவி தனியாக அங்கே இருக்க விரும்பவில்லை. ஜூலை 31க்குள் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

முதல் விலை

அந்த அம்மாளின் அண்ணன் மகன் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். வீட்டுக்கே வந்து பழைய பொருளை வாங்கும் நிறுவனம் ஒன்றை அழைத்தார். வந்தவர் அலமாரியை இருபது நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 60,000 யென் என்றார், இன்றே ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

சம்மதிக்க அந்த இளைஞருக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. 'டிடெஸ்டேஷன்' 2020இல் அமெரிக்காவின் ரிலாப்ஸ் நிறுவனத்தால் மறுபதிப்பாக வந்துவிட்டது, புதிதாகவே கிடைக்கிறது, அப்படியானால் பழையதற்கு என்ன மதிப்பு என்பது ஒன்று. வீட்டுக்கு வந்து வாங்கும் கொள்முதலுக்கு ஜப்பானியச் சட்டத்தில் எட்டு நாள் திரும்பப்பெறும் உரிமை உண்டு, தவறென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

இரண்டாவது காரணம்தான் ஆபத்தானது. 2013இல் வந்த அந்தப் பாதுகாப்பு நிஜம்தான். ஆனால் அதற்கு விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கார், மேசை நாற்காலி போன்ற அறைகலன், புத்தகம் ஆகியவற்றோடு இசைத்தட்டும் அதில் சேர்ந்திருக்கிறது. நகையைத் திரும்பக் கேட்கலாம், இசைத்தட்டைக் கேட்க முடியாது. வண்டியில் ஏறியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அந்த அம்மாள் மட்டும் "ஒரு நாள் யோசிக்கிறேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, மாலையில் என்னை அழைத்தார். சட்டப்படி அந்தத் தட்டுகள் அவருடையவை, கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. இது யாருக்கும் தோன்றாத பரபரப்பில் அவருக்குத் தோன்றியதுதான் இந்த நிகழ்வில் நடந்த முதல் நல்ல காரியம்.

அறையில் கண்டவை

தரையில் ஆறு தத்தாமி பாய் விரிக்கும் அளவுள்ள அறை. வடக்குச் சுவர் முழுக்க அலமாரி. ஜூன் மழை தொடங்கிவிட்டதால் கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை முகத்தில் அடித்தது. அது பூசணத்தின் வாசனை. சுவரை ஒட்டிய கீழ்த்தட்டில் உறைகளின் முதுகில் சாம்பல் பூத்ததுபோல் படிந்திருந்தது.

எண்ணியபோது மொத்தம் 412. பன்னிரண்டு அங்குலத் தட்டு 214, ஏழு அங்குலம் 158, ஸோனோஷீட் 23, கேசட் 17.

ஸோனோஷீட் என்பது காகிதம்போல வளையும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. ஆசாஹி ஸோனோராமா நிறுவனத்தின் வணிகப்பெயர் அது, பின்னால் ஜப்பானில் பொதுப்பெயராகிவிட்டது. செய்யச் செலவு குறைவு என்பதால் ஹார்ட்கோர் குழுக்கள் இதை நிறையப் பயன்படுத்தின. கன்ஃப்யூஸின் 'நியூக்ளியர் அடிக்ட்ஸ்' 1984இல் இப்படித்தான் வந்தது. ஒரு தடவை மடிந்தால் மடிந்ததுதான். எடையே இல்லாததால் ஊசி இழுக்கும், தட்டு நின்றுவிடும். அதனால் கனமான ஒரு எல்பி மேல் இதை வைத்து, நடுவில் ஒரு நாணயத்தைப் பாரமாக வைப்பார்கள்.

வரிசையை முதலில் எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. அகரவரிசையும் இல்லை, ஊர்வரிசையும் இல்லை. இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. ஒவ்வொரு உள்ளுறையின் மூலையிலும் பென்சிலால் பொடி எழுத்தில் வாங்கிய தேதி, இடம், கொடுத்த விலை எழுதியிருந்தார். அலமாரி அவர் வாங்கிய வரிசையில் இருந்தது. இடக்கைப் பக்கத்திலிருந்து நடந்தால் பதினாறு வயதுப் பையன் வளர்ந்து, கல்யாணம் செய்து, நடுவில் நாலு வருடம் ஒன்றும் வாங்காமல் இருந்து, மறுபடி தொடங்குவது தெரிந்தது.

உறைகளுக்குள் தட்டு மட்டும் இல்லை. நிகழ்ச்சி நோட்டீஸ், டிக்கெட்டின் கிழித்த பாதி, தபாலில் வாங்கிய தட்டோடு குழுவினர் கைப்பட எழுதி அனுப்பிய அட்டை, ஒரு உறையில் ரயில் சீட்டு. ஸோனோஷீட் ஒன்றின் காகித உறைக்குள் ஒரு பத்து யென் நாணயம் இருந்தது. பல வருடம் நெருக்கிக் கிடந்ததில் காகிதத்தில் வட்டமாகப் பதிந்து, விளிம்பில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது.

பலகாலமாகப் பிளாஸ்டிக் மேலுறைக்குள் தட்டையும் சேர்த்து வைத்திருந்த சிலவற்றில், பளபளப்பு போய் மேகம் படிந்ததுபோல இருந்தது. மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் அந்த உறையிலிருந்து கசிந்து தட்டின் முகத்தைக் கெடுத்ததால் வருவது. சேகரிப்பாளர்கள் இதை 'பினியாகே' என்பார்கள், பிளாஸ்டிக்கால் வெந்துபோனது என்ற பொருளில். கழுவினாலும் போகாது.

'டிடெஸ்டேஷன்' இரண்டு இருந்தன. ஒன்றின் உள்ளுறையில் 'நிஸே', அதாவது போலி, என்று பென்சிலில் எழுதியிருந்தார். அவருடைய மேசையில் இருந்த அச்சுத் தொழிலாளியின் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். போலியில் சின்ன எழுத்துகளின் ஓரம் தடித்திருந்தது. நிழல் பகுதிகளில் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலையலையாகத் தெரிந்தது. அச்சான உறையையே மறுபடி படம்பிடித்து அச்சிட்டால்தான் இப்படி வரும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் எழுதி வைத்திராவிட்டால் நானும் ஏமாந்திருப்பேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

விற்க மூன்று வழிகள் இருந்தன. மொத்தமாகக் கொடுப்பது முதலாவது. ஏல இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் போடுவது இரண்டாவது. பங்க், ஹார்ட்கோர் மட்டும் விற்கும் கடையை அழைத்து ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வாங்குவது மூன்றாவது.

ஏலத்தில் தொகை கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன். யென் சரிந்திருந்த வருடம் அது, வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் அலைமோதினார்கள். ஆனால் நானூறு தட்டுகளைப் போட்டுக் கேட்டு, தரம் குறித்து, படமெடுத்து, பொட்டலம் கட்டி, புகார் வந்தால் பதில் சொல்லி முடிக்க ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அவற்றை வைக்க இடமில்லை. முன்பின் தெரியாதவர்கள் "கீறல் இருக்கிறதே" என்று எழுதும் கடிதங்களுக்கு, கணவனை இழந்து இரண்டு மாதமான ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது வழியைச் சொன்னேன், அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார். தட்டு, உறை, உள்ளே உள்ள தாள்கள் என்று மூன்றுக்கும் தனித்தனியாகத் தரம் எழுத வேண்டும், விலை பிடிக்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

கேசட்டுகளை விற்பதில்லை என்று முடிவு செய்தோம். அவற்றில் மூன்று, குழுக்களின் ஒத்திகைப் பதிவுகள். வெளியிடுவதற்காகச் செய்தவை இல்லை. யாரோ நண்பர் என்ற நம்பிக்கையில் கொடுத்தவை. சந்தைக்குப் போனால் ஒரே மாதத்தில் கள்ளப் பதிப்பாக வெளியே வந்துவிடும். இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்களில் அந்தக் குழுக்கள் ஒன்றில் வாசித்தவரும் ஒருவர். அவரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

போலி 'டிடெஸ்டேஷ'னையும் விற்கவில்லை. அந்தப் பென்சில் எழுத்து இருக்கும் உள்ளுறையை யாராவது மாற்றிவிட்டால் அடுத்த கையில் அது அசலாகிவிடும்.

அந்த அம்மாளுக்கு என்று பதினைந்து தட்டுகளை ஒதுக்கினேன். காஸேயின் 1985, 1986 ஆல்பங்கள், டெத் சைடின் 'வேஸ்டட் ட்ரீம்', எஸ்.ஓ.பி.யின் 'டோன்ட் பி ஸ்விண்டில்' என்று, இந்த வரலாற்றில் எது முக்கியம் என்று கேட்டால் நான் எதைச் சொல்வேனோ அவற்றை. அவரைக் கேட்காமலேயே ஒதுக்கினேன்.

சுத்தம் செய்த இரண்டு நாள்

ஜூன் மூன்றாம் வாரம், சனியும் ஞாயிறும். கடைக்காரர் வருமுன் பூசணத்தைத் துடைத்துவிட்டால் தரம் ஒரு படி கூடும் என்று நினைத்தேன்.

உலர்ந்த தூரிகையால் உறைகளைத் தட்டினேன், அதே அறையில், முகமூடி இல்லாமல். பூசணத் தூள் எழுந்து, அதுவரை சுத்தமாக இருந்த மேல்தட்டு உறைகளில் படிந்தது. மறுநாள் முழுக்க எனக்கு இருமல். மருந்துக்கடையில் வாங்கிய சுத்திகரித்த நீரால் தட்டுகளைக் கழுவியது நன்றாக வந்தது. ஆனால் ஏழு அங்குலத் தட்டு ஒன்றில் நடுத்தாளில் ஈரம் ஏறி நிறம் கலைந்துவிட்டது. இவையெல்லாம் பணத்தில் அளக்கக்கூடிய இழப்புகள்.

மற்றது அப்படியல்ல. உறைகளுக்குள் இருந்த நோட்டீஸ், டிக்கெட், அட்டை எல்லாவற்றையும் 'பத்திரமாக' ஒரே பெரிய கவரில் சேர்த்தேன். எது எந்தத் தட்டோடு இருந்தது என்று குறிக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. பூசணம் கறுப்பாக ஏறியிருந்த ஸோனோஷீட் காகித உறைகள் ஒன்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய உறை போட்டேன். அதில் ஒன்றுக்குள் இருந்த பத்து யென்னை எடுத்து, சமையலறையில் சில்லறை போட்டுவைக்கும் கண்ணாடி ஜாடியில் போட்டேன். பார்க்க வீட்டுச் சில்லறை மாதிரிதானே இருந்தது.

விற்பனை

கடைக்காரர் ஜூலை இரண்டாம் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். 379 தட்டுகளுக்கு ஒவ்வொன்றாக விலை எழுதினார். மொத்தம் 11,40,000 யென். முதலில் சொன்ன விலையைப்போலப் பத்தொன்பது மடங்கு.

அவர் சொன்ன ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். நான் தனிக் கவரில் சேர்த்திருந்த தாள்களைக் கண்டதும், இவை அந்தந்த உறையிலேயே இருந்திருந்தால் பல தட்டுகளுக்குக் கூடுதலாக எழுதியிருப்பேன் என்றார். பென்சில் தேதிக்குப் பக்கத்தில் அதே நிகழ்ச்சியின் டிக்கெட் பாதி இருந்தால், அந்தப் பிரதி எந்த வாசலில் எந்த இரவு கைமாறியது என்பதற்கு அதுவே சாட்சி. நாற்பது வருடம் அவர் காப்பாற்றி வைத்த அந்தச் சாட்சியை இரண்டு நாளில் நான் பிரித்துவிட்டேன். சிலவற்றைத் தேதி பார்த்துத் திரும்பச் சேர்த்தோம். பெரும்பாலானவற்றைச் சேர்க்க முடியவில்லை.

ஜூலை கடைசி வாரம்

சாமான்கள் கட்டி முடிந்த மாலை, ஒதுக்கி வைத்த பதினைந்தையும் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, காசு வைத்துப் போடுகிற அந்த மெல்லிய தட்டு எங்கே என்று கேட்டார்.

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கணவர் அதைத்தான் போடுவாராம். பாட்டு அந்த அம்மாளுக்குப் பிடித்ததே இல்லை. பெயரும் தெரியாது. தட்டை எல்பி மேல் விரித்து, அவர் காசை வைக்கும்போது வரும் 'டிக்' என்ற ஓசை சமையலறை வரை கேட்கும், அதைக் கேட்டதும் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றுவேன், ஒரு பக்கம் முடியவும் சாப்பாடு தயாராகவும் சரியாக இருக்கும் என்றார்.

இருபத்து மூன்று ஸோனோஷீட்டும் கடைக்குப் போய்விட்டன. நாணயம் பதிந்த உறையை நான் குப்பையில் போட்டுவிட்டேன். ஒன்பதில் அது எது என்று சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். அந்த ஒன்பதில் நான்கு ஏற்கெனவே விற்றிருந்தன. மீதி ஐந்தைக் கடைக்காரர் தானே போட்டுக் காட்டினார். பாரத்துக்கு அவர் கடையில் வைத்திருந்தது ரப்பர் வில்லை, அது ஓசையே செய்யவில்லை. மூன்று கேட்டதும் அந்த அம்மாள் போதும் என்று கையைக் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது, காசு வைக்கும் சத்தம்தான் எனக்குத் தெரியும் என்றார். கொடுத்த விலைக்கே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னதையும் வணங்கி மறுத்துவிட்டார்.

இப்போது செய்வதாக இருந்தால்

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். நடைமுறையை மாற்றிக்கொண்டேன்.

எதையும் தொடுமுன் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படமெடுக்கிறேன், வரிசை தெரியும்படி. பிறகு ஒவ்வொரு உறையையும் திறந்து, உள்ளே இருப்பதை அதன்மேலேயே பரப்பி ஒரு படம், பிறகு இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பது. காகித உறையைப் பூசணம் அரித்திருந்தாலும் எறிவதில்லை. தனி ஸிப் கவரில் போட்டு, தட்டின் எண்ணை எழுதி, தட்டுக்குப் பின்னாலேயே நிறுத்துகிறேன். பூசணத்தை வீட்டுக்குள் துடைப்பதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான வெளியிடத்தில்தான். பெரும்பாலும் அதையும் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறேன். தரத்தை ஒரு படி உயர்த்துவது என் வேலை இல்லை. பிளாஸ்டிக் மேலுறையிலிருந்து தட்டை உடனே பிரிப்பது மட்டும் காத்திருக்கக் கூடாத காரியம்.

விலை பேசும் முன் எழுதும் தாளில் முதல் வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: இந்த வீட்டில் எந்தத் தட்டு அடிக்கடி ஓடியது? இசை கேட்காதவர்களிடமும் கேட்கிறேன். அவர்களிடம்தான் முக்கியமாக.

அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்த அன்று, ஜாடியைக் கவிழ்த்துச் சில்லறையைப் பிரித்தோம். நாணயத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1951க்கும் 1958க்கும் இடையில் வந்த பழைய பத்து யென்னுக்கு ஓரத்தில் வரிப்பல் இருக்கும், 'கிஸாஜூ' என்பார்கள். ஜாடியில் இருந்த பத்து யென்களில் அது ஒன்றுதான் அப்படி. விளிம்பில் பச்சையும் இருந்தது. அவர் அதை மேசைமேல் வைத்தார். மரத்தில் வைத்த ஓசை வேறு மாதிரி இருந்தது. எடுத்துப் பணப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டு, வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.